பூஜையில் வைத்த லேப்டாப்

எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பெண் உட்காரவில்லை. லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கீழே குழம்பு, பொரியல் விற்கும் கறி பாயிண்டிலிருந்து ஏறி வரும் தாளிப்பு வாசனைக்கு நடுவே, அழுவதா பேசுவதா என்று தெரியாமல் நின்றாள். அப்துல் ரஹீம் நாற்காலியைத் துடைத்தான், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினான், தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். உள்ளுக்குள் அவனுக்குக் குதூகலம். கனகவல்லியின் துப்பறியும் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பவனா, சொன்ன சம்பளம் நிஜமா என்று ஏ.எஸ்.ராவ் நகர் முழுக்கச் சுற்றியதுதான் மிச்சம். இன்றைக்காவது நிஜமான வழக்கு ஒன்று படியேறி வந்திருக்கிறதே என்று அந்த வாணியம்பாடிக்காரனின் மனசு துள்ளியது.

"நான் திருடலை மேடம்," என்றாள் அந்தப் பெண். "ஆனா திங்கட்கிழமை என்னைத் திருடின்னு எழுதிடப் போறாங்க."

கனகவல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். இந்தத் தொழிலுக்கு வருமுன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து மதிப்பிட்டுக்கொண்டிருந்தவள். நசுங்கிய கதவைப் பார்த்தே, இடித்தது யார், பொய் சொல்வது யார் என்று சொல்லிவிடுவாள். பேச்சு மட்டும் சிக்கனம்.

"முதல்ல உக்காருங்க. பேரு?"

பெயர் ஹம்சா. அப்பா ஜகதீசன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்; லாலாகுடா குவார்ட்டர்ஸில் வீடு. உப்பலில் கண்ட்ரோல் போர்டு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் இவள் டிசைன் எஞ்சினியர். போன மாதம் கம்பெனி ஒரு பெரிய டெண்டருக்குப் போனது. போன இடத்தில் எதிர்க் கம்பெனி அச்சு அசலாக அதே வரைபடத்தோடு வந்து நின்றது. யார் கொடுத்தது என்று துருவினார்கள். சரஸ்வதி பூஜையன்று மாலை, ஹம்சாவின் லேப்டாப்பில், ஹம்சாவின் பாஸ்வேர்டில் நுழைந்து, அந்த வரைபடத்தை யாரோ பென் டிரைவில் ஏற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். யாரோ என்ன யாரோ, ஹம்சாதான் என்று முடிவும் கட்டிவிட்டார்கள்.

"திங்கட்கிழமை விசாரணை. முடிஞ்சதும் நேரா போலீஸ்ல கம்ப்ளெயிண்ட். அப்புறம் இந்த ஊர்ல எவன் மேடம் எனக்கு வேலை குடுப்பான்? ஆனா அந்த நேரத்துல லேப்டாப் பூஜையில இருந்துச்சு. எங்க வீட்ல சாயங்காலம் பூஜையில வச்சா, மறுநாள் விஜயதசமி காலையில கற்பூரம் காட்டுற வரைக்கும் யாரும் தொடமாட்டோம். புஸ்தகத்தைக் கூடத் தொடமாட்டோம். எங்க மேனேஜருக்கு அது புரியலை. 'பூஜைன்னா என்ன, எடுத்துட்டுத் திரும்ப வச்சிருப்பே'ங்கறார்."

"சாட்சி?"

"வீட்ல பெரியவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அம்மா வருவாங்க. அப்புறம் இது இருக்கு." செல்போனை நீட்டினாள். "அப்பா எடுத்தது. எடுத்த உடனே சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டார். அவங்க சொல்ற அதே நேரம்."

ரஹீமும் எட்டிப் பார்த்தான். மணைமேல் புத்தகங்கள், ஜகதீசனின் ஸ்பானர் செட், சாமந்திப் பூ, பொரி கடலை, எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளி நிற லேப்டாப். மூடியின் மத்தியில் தடிமனாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஃபிளாஷ் வெளிச்சம் மூடி முழுக்க ஒரே சீராக மின்னியது.

"அப்பாவுக்கு ஃபிளாஷை அணைக்கத் தெரியாது. பட்டப்பகல்ல எடுத்தாலும் ஃபிளாஷ்தான்," என்றாள் ஹம்சா. அத்தனை துக்கத்திலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"மறுநாள் காலையில நீங்கதான் எடுத்தீங்களா?"

"ஆமா. அம்மா எழுந்து கற்பூரம் காட்டி முடிச்சாங்க. மேல இருந்த குங்குமத்தை ஒரு ஊது ஊதிட்டு ஆன் பண்ணேன். எல்லாம் வச்சது வச்சபடி இருந்துச்சு."

கனகவல்லி லேப்டாப்பை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "மூலையில டச்சப் பண்ணியிருக்கே?"

"கம்பெனி குடுத்ததே பழசு மேடம். எனக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர் கையில இருந்தது. போதாததுக்குத் தார்நாகாவுல பஸ் இறங்கும்போது கீழ போட்டுட்டேன். மூலை நசுங்கி, ஓரமெல்லாம் சிராய்ச்சிருச்சு. பாலா அண்ணன்தான், 'பூஜையில வைக்கிற பொருள், பார்க்க லட்சணமா இருக்கட்டும்'னு செகந்திராபாத்ல ஒரு கடையில குடுத்துச் சரி பண்ணிட்டு வந்தான். பூஜையன்னிக்கு அவனே மணைமேல வச்சான். நான் சுண்டல் தாளிச்சிட்டிருந்தேன். வந்து பார்த்தா புதுசு மாதிரி இருந்துச்சு."

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

ஹம்சா தலைகுனிந்தாள். "எனக்கு. அப்புறம் கடைக்காரனுக்கு. கடையில கேக்கறான்னு அண்ணன் ஃபோன் பண்ணான், சொன்னேன். கம்பெனியில இதைச் சொல்லலை. பாஸ்வேர்டை வெளியில சொன்னதே குத்தம்."

அடி சக்கை, கடைக்காரன் மாட்டினான் என்று ரஹீம் மனசுக்குள் தொடையைத் தட்டிக்கொண்டான். வழக்கு என்றால் ஃபைல் வேண்டும், ஃபைல் என்றால் படம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு லேப்டாப்பை மேஜைமேல் வைத்துப் படமெடுத்தான். வெளியே மேகமூட்டம், ஃபிளாஷ் தானாக அடித்தது. படத்தில் மூடியின் மூலை மட்டும் சாம்பல் பூசினாற்போல் மங்கித் தெரிந்தது. "சே," என்று லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். அதே மங்கல்.

"என் ஃபோனுக்குக் கண்ணு போச்சுக்கா. அழிச்சிட்டு உங்க ஃபோன்ல எடுக்கட்டுமா?"

"அழிக்காதே," என்றாள் கனகவல்லி.

அன்று பிற்பகலே கனகவல்லியும் ரஹீமும் அந்த லேப்டாப்போடு செகந்திராபாத் கம்ப்யூட்டர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒடுங்கியிருந்த கடை. மூக்கில் முகமூடியோடு உட்கார்ந்து, ஏதோ ஒரு லேப்டாப்பின் கீறலில் புட்டிப் பசை அடைத்துக்கொண்டிருந்தான் யோகேஷ். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன். சுற்றிலும் உப்புத்தாள், ஒட்டு டேப், ஸ்ப்ரே டப்பாக்கள். அந்த டப்பாக்களை நம்பித்தான் அவன் குடும்பமே ஓடுகிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

ரஹீம் சும்மா இருப்பானா? லேப்டாப்பை அவன் முன்னால் வைத்து, "இந்த லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு வாங்கினியே, அதை வச்சு என்ன பண்ணே?" என்று எடுத்த எடுப்பில் பாய்ந்தான்.

யோகேஷ் முகமூடியை இறக்கினான். "பாஸ்வேர்டா? கைக்கு, நான் ஏன் வாங்கணும்? நான் செய்றது தோலு வேலை அண்ணா. புட்டி வைப்பேன், தேய்ப்பேன், கலர் அடிப்பேன். உள்ள இருக்கறது எனக்கு எதுக்கு? பேட்டரியைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஸ்ப்ரேயையே தொடுவேன். பக்குன்னு பத்திக்கிச்சுன்னா யாரு பொறுப்பு?"

"திருடன் எவன் ஆமான்னு சொல்வான்?"

"ரஹீம்," என்றாள் கனகவல்லி. அந்த ஒரு சொல்லில் அவன் வாய் மூடிக்கொண்டது. அவள் அவனுடைய ஃபோனை வாங்கி, மூலை மங்கித் தெரிந்த படத்தை யோகேஷிடம் காட்டினாள். "பகல்ல பார்த்தா வித்தியாசமே தெரியலை. நல்ல வேலை. ஃபிளாஷ்ல மட்டும் ஏன் இப்படி?"

யோகேஷ் அசடு வழிந்தான். "அதைப் போய் ஏன் மேடம் பார்க்கறீங்க? கம்பெனி பெயிண்ட்ல ஒரு மினுக்குப் பொடி இருக்கும். என் டப்பால அது நக்கோ, கிடையாது. ஃபிளாஷ் அடிச்சா நான் தொட்ட இடம் மட்டும் மினுக்காது."

"எப்பவுமேவா? தப்பித் தவறி ஒரு தடவை சரியா வந்ததில்லையா?"

"வந்திருந்தா ரேட்டைக் கூட்டியிருக்க மாட்டேனா?"

"இதை எப்ப எடுத்துட்டுப் போனாங்க?"

"சரஸ்வதி பூஜையன்னிக்கு மத்தியானம். நல்லா பேசுற ஆளு. டீ வாங்கிக் குடுத்துட்டுப் போனார்."

"இதே மாடல் வேற கிடைக்குமா?"

"தெருவுக்குத் தெரு கிடைக்கும் மேடம். கம்பெனிங்க லாட் லாட்டா கழிச்சுத் தள்ளுது. இண்டர்வியூவுக்குப் போற பசங்க ஒரு நாள் வாடகைக்குக்கூட எடுத்துட்டுப் போறாங்க."

திரும்பும் பஸ்ஸில் ரஹீமுக்கு வாய் ஓயவில்லை. யோகேஷ் பாஸ்வேர்டை வாங்கினான், எதிர்க் கம்பெனிக்கு ஆள் அனுப்பினான், வரைபடத்தை விற்றான், முடிந்தது கதை என்றான். கனகவல்லி தன் ஃபோனுக்கு வாங்கி வைத்திருந்த ஹம்சாவின் வீட்டுப் பூஜைப் படத்தையே பெரிது பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானமே லேப்டாப் அவன் கையை விட்டுப் போயிடுச்சு. காப்பி ஆனது சாயங்காலம்," என்றாள்.

"ஹவ்க்கா, சரிதான். சாயங்காலம் அது பூஜையில இருந்துச்சு. அப்போ பேயா வந்து காப்பி பண்ணுச்சு?"

கனகவல்லி ஃபோனை அணைத்துப் பையில் போட்டாள். மெட்டுகூடா ஸ்டாப் தாண்டியதும்தான் பேசினாள்.

"இந்தக் கேஸை நாம எடுத்திருக்கக் கூடாது ரஹீம்."

ஞாயிற்றுக்கிழமை காலை லாலாகுடா குவார்ட்டர்ஸில் நால்வரும் வீட்டில் இருந்தார்கள். வீட்டை மெழுகித் துடைத்து, வந்தவர்களுக்கு இட்லி வைத்துக்கொண்டு காத்திருந்தாள் ஹம்சாவின் அம்மா சகுந்தலா. "என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லம்மா," என்று கனகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். ஜகதீசன் பேசாத மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். பாலாதான் கலகலப்பு. அவனே டீ போட்டுக் கொண்டுவந்தான், ரஹீமைத் தோளில் தட்டி விசாரித்தான். வேலை போய் இரண்டு வருஷம் வீட்டோடு கிடந்தவனுக்கு இப்போது புனேயில் வேலை கிடைத்திருக்கிறதாம், இந்த வாரமே சேர வேண்டுமாம். நல்ல பிள்ளை என்று ரஹீமுக்குப் பட்டது. பத்து நிமிஷத்தில் அவனுக்கு அந்த டீ கசக்கப் போகிறது, பாவம்.

"புனேயில எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள் கனகவல்லி.

"அது... போர்டு பண்ற கம்பெனிதான் மேடம். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

"சரி. ஹம்சா, நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு அப்புறம் பேசும்மா." கனகவல்லி இரண்டு ஃபோன்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இது நேத்து ரஹீம் எடுத்த படம். ஃபிளாஷ் அடிச்சிருக்கு. மூலையில யோகேஷ் தொட்ட இடம் மங்கித் தெரியுது பாரு. அவன் கை பட்ட எந்த லேப்டாப்பும் ஃபிளாஷ்ல இப்படித்தான் தெரியும்னு அவனே சொன்னான். இது உங்கப்பா பூஜையன்னிக்கு எடுத்த படம். இதுலயும் ஃபிளாஷ் அடிச்சிருக்கு. மூலையைப் பாரு."

ஹம்சா பார்த்தாள். மூடி முழுக்க ஒரே மாதிரி மின்னியது. மூலையும் மின்னியது.

"மங்கலே இல்லையே மேடம்."

"இல்ல. ஏன்னா பூஜையில இருந்த லேப்டாப் அடிபட்டதே இல்ல. அது உன்னோடது இல்லம்மா. அதே மாடல், வேற லேப்டாப்."

ரஹீமுக்கு, நேற்று லென்ஸைத் துடைத்துத் துடைத்து எடுத்த முட்டாள்தனத்தை நினைத்துத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும், அட, நம் படமல்லவா கண்டுபிடித்தது என்று ஒரு பெருமையும் ஓரமாக வந்து உட்கார்ந்தது. யாருடைய முகத்தையும் பார்க்காதவரை அந்தப் பெருமை இருந்தது.

"பூஜையில வச்ச பொருளை மறுநாள் வரைக்கும் யாரும் திறக்க மாட்டாங்க. திறக்காத வரைக்கும் அது யாரோடதுன்னு தெரியப் போறதில்ல. இது உங்க மேனேஜருக்குத் தெரியாது, யோகேஷுக்கும் தெரியாது. இந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். கடைக்காரன் பாஸ்வேர்டு கேட்கவே இல்ல. உடம்புல கலர் அடிக்கிறவனுக்கு அது தேவையும் இல்ல. கேட்டான்னு உன்கிட்ட சொன்னது யாரு, மத்தியானம் லேப்டாப்பை வாங்கினது யாரு, மணைமேல கொண்டுவந்து வச்சது யாரு?"

யாரும் பாலாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லாரும் படாதபாடு பட்டார்கள்.

"இன்னொண்ணு. படத்துல தடிமனாச் சந்தனம் இருக்கு. ராத்திரி முழுக்கக் காய்ஞ்ச சந்தனம் ஊதினா போகாது, சுரண்டணும். நீ காலையில ஒரு ஊது ஊதினேன்னு சொன்னே. வெறும் குங்குமம்தான் பறந்திருக்கு. விடியக்காலையில மாத்தி வச்சவருக்குச் சந்தனம் இழைக்க நேரமில்ல."

"அண்ணா?" என்றாள் ஹம்சா.

பாலா டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கியதையே மறுபடி கலைத்து அடுக்கினான். பிறகு சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டான். "உன்மேல வரும்னு நினைக்கலை ஹம்சா. சத்தியமா நினைக்கலை. லேப்டாப் பூஜையில இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும், உன்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுன்னுதான் நினைச்சேன். அந்த எதிர்க் கம்பெனிக்காரங்க வேலை தர்றேன்னாங்க. ரெண்டு வருஷம்டீ. காலையில நீயும் அப்பாவும் டிபன் டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பினதும், நான் எந்தச் சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

ஹம்சா மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "காலையில கற்பூரம் காட்டினது நீதானேம்மா. உன் கையால வச்ச சந்தனம் இல்லாதது உனக்குத் தெரியலையா?"

சகுந்தலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பார்த்தேன்," என்றாள். "விடியக்காலையில இவன் மாத்தி வைக்கறதையும் பார்த்தேன். என்னான்னு கேட்டேன். அழுதான்."

அத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுத அம்மா. ரஹீமுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஜகதீசன் ஆணியில் தொங்கிய பட்டறைச் சட்டையை மாட்டிக்கொண்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பட்டறை விடுமுறை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"இதை இப்படியே கம்பெனியில போய்ச் சொல்லலாம்ல மேடம்?" என்று ஹம்சா கேட்டாள்.

கனகவல்லி ஆறுதல் பொய் சொல்லத் தெரியாதவள். "சொல்லலாம். ஆனா இந்தப் படம் நிரூபிக்கிறது ஒண்ணே ஒண்ணைத்தான். லேப்டாப் பூஜையில இல்ல. இதுவரைக்கும் உனக்கிருந்த ஒரே பிடி அதுதான், அதுவும் போயிடும். பாஸ்வேர்டு நீ குடுத்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து செஞ்சாங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. உனக்குத் தெரியாதுன்னு சொல்லக்கூடிய வாய் ஒண்ணுதான்." பாலாவைப் பார்த்தாள்.

"வர்றேன்," என்றான் பாலா. "நாளைக்கு நானே வந்து சொல்லிடறேன். அவளை மாட்டிவிட்டுட்டு நான் எங்க போய் நிம்மதியா இருப்பேன்?"

அவன் மனசாரத்தான் சொன்னான். அந்த நிமிஷத்தில் அது நிஜம் என்று ரஹீம் இன்றைக்கும் சூடம் அணைக்காத குறையாகச் சொல்வான்.

திங்கட்கிழமை உப்பல் கம்பெனி வாசலில் ஹம்சாவோடு இவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். நல்ல மழை. ஷேர் ஆட்டோவிலிருந்து குடையை மடக்கிக்கொண்டு இறங்கியது சகுந்தலா மட்டும்தான்.

"அண்ணன் எங்கம்மா?"

"காலை வண்டியில ஏறிட்டான். நான்தான் ஏத்தி விட்டேன்." சகுந்தலா மகளின் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டப் போனாள். ஹம்சா விலகிக்கொண்டாள். "ஜெயிலுக்குப் போனா அவன் உசிரை மாய்ச்சுக்குவான் கண்ணு. எனக்குத் தெரியும். நீ அப்படி இல்ல. சின்ன வயசுலேர்ந்தே நீ எல்லாத்தையும் சமாளிச்சுக்குவே."

"சமாளிக்கத் தெரிஞ்சது என் தப்பாம்மா?"

சகுந்தலா அழுதாள். ரஹீமுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு தாய் இப்படியும் பேசுவாளா என்று பல்லைக் கடித்தான். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, அவள் ராத்திரி முழுக்க இரண்டு பிள்ளைகளையும் மாற்றி மாற்றி எடைபோட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. திட்டவும் வாய் வரவில்லை.

"உள்ள வந்து நடந்ததை மட்டும் சொல்லும்மா. அவன்தான் போயிட்டானே. எனக்காக இதை மட்டும் செய்," என்றாள் ஹம்சா. சகுந்தலா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மழையில் வந்தவர்களுக்கு முதலில் காபி வரவழைத்தார். ஹம்சா எல்லாவற்றையும் தெலுங்கில் சொன்னாள்: பாஸ்வேர்டை அண்ணனிடம் சொன்னது, இரண்டாவது லேப்டாப், மூலை மங்கிய படம், மங்காத படம். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடர்ந்தாள். கனகவல்லி இரண்டு படங்களையும் காட்டி விளக்கினாள். மேனேஜர் பொறுமையாகப் பார்த்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆக, லேப்டாப் பூஜையில் இருந்தது என்று இத்தனை நாள் நீ சொன்னது பொய்," என்றார் தெலுங்கில்.

"பொய் இல்லை சார். எனக்கே தெரியாது."

"உனக்குத் தெரியாது என்று யார் சொல்வது? உன் அண்ணன் எங்கே?"

ஹம்சா அம்மாவைப் பார்த்தாள். மேனேஜர் பெருமூச்சு விட்டார். பக்கத்தில் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணைச் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு, சகுந்தலாவின் பக்கம் திரும்பினார். உங்கள் மகன்தான் லேப்டாப்பை மாற்றி வைத்தானா, பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள் என்று நிதானமாகக் கேட்டார்.

சகுந்தலாவுக்குத் தெலுங்கு கேட்டால் புரியும். பேச வருவதெல்லாம் காய்கறிக்காரனோடு பேரம் பேசுகிற அளவுக்குத்தான். சுற்றிலும் தமிழ் வீடுகளாக இருந்த குவார்ட்டர்ஸில் அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. அவள் மகளைப் பார்த்தாள். பிறகு மேனேஜரைப் பார்த்து, தமிழிலேயே, கும்பிட்ட கையோடு சொன்னாள்.

"என் புள்ள அந்த லேப்டாப்பைத் தொடவே இல்லீங்க. அன்னிக்கு அவன் ஊர்லயே இல்ல. இவ வேலை போயிடுமேன்னு பயந்து அவன்மேல சொல்றா."

மேனேஜருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தட்டச்சுக்காரிக்கும் புரியவில்லை. மேனேஜர் ஹம்சாவைப் பார்த்து, "அம்மா ஏமன்டுன்னாரு?" என்று கேட்டார்.

என்ன சொல்கிறார்கள் என்று அவளையே கேட்கிறார்! ரஹீம் கனகவல்லியைப் பார்த்தான். உள்ளதை உள்ளபடி தவிர வேறு எதையும் சொல்லாத அந்த மனுஷி, மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஹம்சா மாற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவளும் வேண்டிக்கொள்கிறாள் என்று ரஹீமுக்குத் தெரிந்தது. 'ஆமாம், என் மகன்தான் செய்தான்' என்கிறார். இவ்வளவுதான். சொல்லிவிடு தாயி, அல்லா உன்னை மன்னிப்பான், யாரும் காட்டிக்கொடுக்க மாட்டோம், சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினான்.

சகுந்தலா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை. இப்போது அது மேனேஜருக்கானதாகத் தெரியவில்லை.

ஹம்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"'என் மகன் அந்த லேப்டாப்பைத் தொடவில்லை, அன்று அவன் ஊரிலேயே இல்லை, இவள் வேலை போய்விடும் என்று பயந்து அவன்மேல் பழி போடுகிறாள்' என்கிறார் சார்," என்றாள் தெலுங்கில், தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு வசதியாக, நிறுத்தி நிதானமாக.